நான் மொழிபெயர்க்காமல் விட்ட வரி

தொண்டு நிறுவனத்தில் வேலை என்றால் நாள் முழுக்க அன்னதானம் பரிமாறுவது போல என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாதி நாள் படிவம் நிரப்புவோம், மீதி நாள் யார் வீட்டுப் படலைக்காவது வெளியே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, நாயைக் கட்டியாயிற்றா என்று கேட்டுக்கொண்டு நிற்போம்.

எங்களுடையது சின்ன நிறுவனம். கடல் கடந்து ஒரு குளிர் நாட்டில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, தேவாலய மண்டபத்தில் கேக் விற்றும் பழைய உடுப்பு விற்றும் அதை நடத்துகிறார்கள். இங்கே யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரே உத்தியோகத்தர் நான்தான். நடக்க முடியாத, காது கேட்காத, வீட்டில் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கு அங்கிருந்து ஆளுக்கொரு ஆதரவாளர். பிள்ளையைப் போய்ப் பார்ப்பது, படம் எடுப்பது, பிள்ளையின் கடிதத்தை ஆங்கிலத்திலும் ஆதரவாளரின் கடிதத்தைத் தமிழிலும் மாற்றிக் கொடுப்பது, பிறகு எல்லாவற்றுக்கும் அறிக்கை எழுதுவது என் வேலை. மேலிடத்துக்கு அறிக்கை எழுதியே தலை நரைத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். ஆனபடியால் உங்களிடம் மனம் விட்டுச் சொல்லலாம்.

சிரித்த முகம்

ஒரு வருஷம் அங்கிருந்து மின்னஞ்சல் வந்தது. நாட்காட்டி அச்சடிக்கப் போகிறார்களாம். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தபடி படம் வேண்டுமாம். உடுவிலில் யாழினி என்று ஒன்பது வயதுப் பிள்ளை. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கைகால் இறுகிப்போய்விட்டது. கழுத்தும் நேரே நிற்காது. கமராவைக் கண்டால் அவளுடைய முகமும் சேர்ந்து இறுகிவிடும். நான் கைதட்டினேன், பூனை மாதிரிக் கத்தினேன், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியை வாங்கிவந்து காட்டினேன். ஆட்டுக்குட்டியின் படம்தான் நன்றாக வந்தது.

மூன்றாம் தடவை போனது ஒரு வெள்ளிக்கிழமை. யாழினியின் தாய் தேத்தண்ணியைத் தந்துவிட்டுக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். அரை மணித்தியாலத்தில் போன் அடித்தது. தகப்பன் கட்டாரில் சாரதி, நாலு வருஷமாக வீட்டுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமையில்தான் அவருக்கு லீவு. போனில் அவருடைய முகம் தெரிந்ததுதான் தாமதம், பிள்ளை எப்படியோ கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வாய் நிறையச் சிரித்தாள். நானும் படக்கென்று எடுத்துவிட்டேன்.

அந்தப் படத்தில் அவள் நம்மைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே, ஒரு பக்கமாகப் பார்க்கிறாள். நல்ல படம், ஆனால் அடுத்த முறை நேராகப் பார்க்கட்டும் என்று அங்கிருந்து எழுதினார்கள். அதை அப்படியே தாயிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பிள்ளையின் வாயோரத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "நேரை பாக்கிறதெண்டால், அவர் வந்து உங்கடை கமராவுக்குப் பின்னாலை நிண்டால்தான் உண்டு, அக்கா."

கதிரை போன இடம்

குருநகரில் யூட் என்று ஒரு பிள்ளை, பதின்மூன்று வயது. தசையெல்லாம் வருஷத்துக்கு வருஷம் சோர்ந்துபோகிற வருத்தம். பத்து வயதுவரை நடந்தவன், பிறகு நடக்கவில்லை. அவனுக்குக் கப்பலில் ஒரு சக்கர நாற்காலி வந்தது. பாரம் குறைந்தது, பளபளப்பானது. கூடவே மூன்று பக்கத்தில் விதிகள். நனைக்கக் கூடாது, மணலில் உருட்டக் கூடாது, இரண்டு பேர் ஏறக் கூடாது.

மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனால் சில்லெல்லாம் துருப்பிடித்து, கம்பியில் உப்புப் பூத்துக் கிடக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. யூட்டின் தகப்பன் மரியதாஸ் அண்ணை கடற்றொழில் செய்கிறவர், கதைக்கவே மாட்டார். அவருடைய மனைவிதான் சொன்னார். சனிக்கிழமைகளில் நாலு பேராகக் கதிரையோடு பொடியனைத் தூக்கி வள்ளத்தில் வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, நண்டு வலை பார்க்கப் போகிறார்களாம். அந்தப் பக்கத்துக் கடல் இடுப்பளவுதான், பயமில்லையாம். நான் உயிர்காப்பு அங்கியைப் பற்றிக் கேட்டேன். மரியதாஸ் அண்ணை உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பொடியனின் அளவுக்கு வெட்டித் தைத்திருந்தது.

யூட் பக்கத்தில் இருந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்தெந்த இடத்தில் மீன் பிடிக்கிற களங்கண்டி வலை கட்டியிருக்கிறது, எங்கே தண்ணீர் நிறம் மாறும், எந்த இடத்தில் தகப்பன் எஞ்சினை நிறுத்திவிட்டுச் செபம் சொல்லுவார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். மூன்று வருஷமாக இறங்குதுறைச் சுவரில் இருந்து, தகப்பனின் வள்ளம் புள்ளியாய் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அவன். என்னுடைய கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனாலும் படிவம் படிவம்தானே. நாற்காலி எங்கே பாவிக்கப்படுகிறது என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். மரியதாஸ் அண்ணை அப்போதுதான் வாய் திறந்தார்: "கடலெண்டு எழுதுங்கோ, தங்கச்சி. இவன் எங்களிட்டைக் கேட்டது கடலைத்தான், கதிரையை இல்லை."

கேட்கத் தொடங்கிய பிள்ளை

அச்சுவேலியில் பத்மா என்று ஒரு தாய். வெங்காயத் தோட்டங்களில் கூலிவேலை செய்கிறவர். புருஷன் போன இடம் தெரியாது. ஒரே பிள்ளை தர்சினிக்கு ஏழு வயது, பிறவியிலேயே காது கேட்காது. கருவி வைத்தால் ஓரளவு கேட்கும் என்று வைத்தியர் சொன்ன பிறகு, அங்கிருந்து கருவி வர ஒன்றரை வருஷம் பிடித்தது. அதைப் பொருத்திய அன்று நானும் கூட இருந்தேன். பத்மா பின்னால் நின்று கைதட்ட, பிள்ளை திரும்பிப் பார்த்தாள். பத்மா அழுதார், பொருத்தியவர் சிரித்தார், நான் இரண்டையும் செய்தேன். என் உத்தியோகத்தில் எழுதிய அறிக்கைகளிலேயே சந்தோஷமானது அன்று எழுதியதுதான்.

அடுத்த மாதம் போனேன். தர்சினி முற்றத்தில் நின்று காகத்துக்குப் பதில் கத்திக்கொண்டிருந்தாள். பத்மாதான் வாடிப்போயிருந்தார். பிள்ளைக்கு ஏதும் கரைச்சலா என்று கேட்டேன், இல்லை என்றார். கருவியில் பிழையா என்றேன், அதுவும் இல்லை. பிறகுதான் விஷயம் வந்தது. பின்னேரங்களில் தோட்டத்தால் வந்து பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுத்துவிடுகிறபோது, அன்றன்றைக்கு நடந்ததையெல்லாம் பத்மா சொல்லிக்கொண்டே இருப்பாராம். தமையனின் மனைவி சொன்ன சொல், போன புருஷன், அவன் திரும்பி வந்தால் உள்ளே எடுப்பதா விடுவதா, எல்லாம். பிள்ளை திரும்பித் தாயின் வாயைப் பார்த்துத் தலையாட்டுமாம். ஏழு வருஷமாக அப்படித்தானாம். இப்போது பிள்ளை ஒவ்வொரு சொல்லாகப் பிடிக்கத் தொடங்கிவிட்டதால் பத்மா வாயை மூடிக்கொண்டே தலை இழுக்கிறாராம்.

இது நல்ல விஷயம்தானே என்று நான் ஏதோ சொல்லப் பார்த்தேன். அவர் முற்றத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "நல்லதுதான், மிஸ். ஆனா இனி நான் ஆரிட்டைக் கதைக்கிறது?"

விட்ட வரி

இது நான் செய்த பிழை. நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

கரவெட்டியில் நிரோஜன் என்று ஒரு பிள்ளை. தாய் தகப்பன் இல்லை, சின்னம்மாதான் வளர்த்தார். ஒரு கால் வளராததால் ஊன்றுகோலில்தான் நடப்பான். அவனுக்கு ஆதரவாளர் எலன் என்று ஓய்வுபெற்ற தாதி ஒருவர், தனி மனுஷி. அவனுடைய எட்டு வயதிலிருந்து எழுதி வருகிறார். பனி பெய்தது, நாய் கிழவியாகிவிட்டது, இந்த வருஷம் அப்பிள் காய்க்கவில்லை என்று எழுதுவார். நிரோஜனும் வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவான். பசு கன்று போட்டது, கணக்குப் பாடம் ஓடவில்லை, இப்படி. கடைசியில் மட்டும் எப்போதும் ஒரே வரிதான் இருக்கும்: நீங்கள் எப்போது வருவீர்கள்?

எங்கள் விதிப்படி பிள்ளைகள் பொருளும் கேட்கக் கூடாது, வரச் சொல்லியும் கேட்கக் கூடாது. ஆதரவாளருக்குச் சங்கடமாம். அது நியாயமான விதி என்றுதான் நானும் நினைத்தேன். ஆகவே முழுக் கடிதத்தையும் ஆங்கிலத்தில் மாற்றிவிட்டு அந்த ஒரு வரியை விட்டுவிடுவேன். அந்த இடத்தில் 'அன்புடன்' என்று போடுவேன். எட்டு வருஷமும் அப்படித்தான் செய்தேன்.

பிறகு எலனிடமிருந்து எனக்கே ஒரு கடிதம் வந்தது. வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாராம். கண் மங்கிவிட்டதால் வேறு யாரோதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளை ஒரு தடவைகூட என்னை வரச் சொல்லிக் கேட்கவில்லை; அந்நிய மனுஷி வாசலில் வந்து நிற்பதை அவன் விரும்பவில்லையாக்கும் என்று நானும் வரட்டுமா என்று கேட்காமல் இருந்துவிட்டேன்; அது சரிதானா என்று கேட்டிருந்தார்.

அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அலுமாரியிலிருந்து அவனுடைய கடிதங்கள் இருந்த கோவையை எடுத்து, பதினாறு கடிதங்களின் கடைசி வரிகளையும் திகதியோடு ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். பதினாறும் ஒரே வரி. விட்டது நான்தான் என்று கீழே எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினேன். நிர்வாகக் குழுவுக்கும் ஒரு பிரதி போட்டேன். விதி விதிதான் என்று அவர்களிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. எலனின் பதில் வர மூன்று கிழமை ஆனது. முழங்கால் இடம் கொடுத்த காலத்தில் தெரிந்திருந்தால் கட்டாயம் வந்திருப்பேன் என்று எழுதியிருந்தார். என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. படலையிலிருந்து வீட்டு வாசல் வரை என்னென்ன இருக்கிறது என்று நிரோஜனை எழுதச் சொல்லியிருந்தார்; யாராவது வாசித்துக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே வந்து பார்ப்பாராம்.

அந்தக் கடிதத்தைத் தமிழில் மாற்றி எடுத்துக்கொண்டு கரவெட்டிக்குப் போனேன். நிரோஜனுக்கு இப்போது பதினாறு வயது, குரல் உடைந்துவிட்டது. சின்னம்மா கதிரையை இழுத்துப் போட்டார், நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அவன் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்துவிட்டு, வியாழக்கிழமை வரச் சொன்னான்.

வியாழக்கிழமை நாலு பக்கம் எழுதி வைத்திருந்தான். படலையில் இடப்பக்கத்துக் கொளுக்கி கழன்றது, தூக்கித்தான் திறக்க வேண்டும், உள்ளே வந்தால் பலாமரம், அதில் சாத்தி வைத்த, செயின் இல்லாத சைக்கிள், பிறகு கிணறு, கிணற்றடி தாண்டினால் மாடு, அது ஒன்றும் செய்யாது. கடைசி வரியை நான் பயந்து பயந்துதான் பார்த்தேன். 'படியில் ஈரம் இருக்கும், கவனமாக வாருங்கள்' என்றிருந்தது.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவன் ஊன்றுகோலின் பிடியைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு, ஏதோ பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் போலச் சொன்னான்: "அப்ப அவ வராமல் விட்டது விருப்பமில்லாமல் இல்லை, மிஸ்."

முதல் திங்கட்கிழமை

கௌசல்யா எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறாள். எதையும் மெதுவாகப் படிக்கிற பிள்ளை. தன் பெயரை எழுதப் பழக அவளுக்கு மூன்று வருஷம் ஆனது. பழகிய பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை தகப்பனோடு வந்து, வரவுத் தாளில் தானே கையெழுத்து வைப்பாள். போன வருஷம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. பதினெட்டோடு எங்கள் உதவி நின்றுவிடும். நிறைவு அறிக்கை எழுதிக் கோவையை மூடினேன். தகப்பனுக்கு விளங்கியது. அவளும் தலையாட்டினாள்.

அடுத்த முதல் திங்கட்கிழமை அவள் வந்து அலுவலக வாங்கில் உட்கார்ந்திருந்தாள். தகப்பன் படலையடியில் நின்று, மறிக்கேலாமல் போயிற்று என்பது போலக் கையை விரித்தார். அவள் தாளைக் கேட்டாள். அவளுடைய பெயருக்கு இனித் தாள் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிஷம் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதித் தந்துவிட்டுப் போனாள். அப்படி இப்போது ஒன்பது தாள் சேர்ந்துவிட்டது.

போன மாதம் வெயில் கொளுத்தியது. இந்த வெயிலுக்குள் கஷ்டப்பட்டு வரத் தேவையில்லை அம்மா, எல்லாம் முடிந்துவிட்டது என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, என்னைத் தவிர ஆளில்லாத அறையைச் சுற்றிப் பார்த்தாள். வீட்டிலும் எனக்கு நான்தான் துணை. அதை நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. பேனையைத் திரும்ப எடுத்துக்கொண்டு சொன்னாள்: "நான் வராட்டி நீங்கள் தனிய எல்லோ இருப்பியள், மிஸ்."

பார்க்கப்போனால், வர முடியாதவர்களை எதிர்பார்த்து இருக்கிறவர்களோடு நானும் கூட இருந்து வழி பார்ப்பதுதான் என் உத்தியோகம், மற்றதெல்லாம் அறிக்கை.