கரையான் மேல் போட்ட பழி

அந்த மாதா கோயில் முதலில் ஒரு கூரைக் கொட்டகை. மாதத்துக்கு ஒரு தடவை சாமியார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். பிறகு மண்சுவர், அப்புறம் கல்சுவர், ஓடு, ஒரே ஒரு மணி. நூறு வருஷம் ஆகிறதே, வரலாறு எழுதிப் புத்தகமாகப் போடலாம் என்று இப்போதைய பங்குச்சாமியார் கிளம்பினார். நேராகச் சாவியம்மாவிடம் வந்து நின்றார். முப்பது வருஷமாகக் கோயிலைக் கூட்டி, பீடத்துணி துவைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிபவள் அவள்தான்.

“முதல் ஞானஸ்நானப் பதிவேடு எங்கம்மா?”

“கரையான் அரிச்சிடுச்சு சாமி.” யோசிக்கவே இல்லை. வாயில் வந்துவிட்டது.

நடந்தது வேறு. எட்டு வருஷத்துக்கு முன் ஓடு ஒழுகி, பதிவேடு பூஞ்சை பிடித்துக் கட்டியாகிப் போனது. சாமியார் ஜெபித்து மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது, எரித்துச் சாம்பலைப் புதைக்க வேண்டும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். கிழிந்த பீடத்துணி, அறுந்த ஜெபமாலைகளோடு பதிவேட்டையும் எரித்தாள். அது மந்திரித்த பொருளே இல்லை, எந்த நிலையிலும் பத்திரப்படுத்த வேண்டியது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்தும் மூச்சு விடவில்லை.

கரையான் சேதி கேட்டு, மூன்றாம் நாள் தச்சர் உளியோடு வந்தார். எழுபது வயது. கைக்குழந்தையாகக் கோயில் வாசலில் கிடந்தவர். பெற்றவள் பெயர் முதல் பதிவேட்டில் இருக்கிறது என்று பழைய சாமியார் சொல்லியிருந்தார். தச்சர்தான் அதைப் பார்க்கப் பயந்து, அப்புறம் பார்க்கலாம் என்றே காலத்தை ஓட்டிவிட்டார்.

“ஏடு வச்சிருந்த அலமாரி நான் செஞ்சது தங்கச்சி. எம் மரத்துல கரையான் ஏறினா எங் கையோட குத்தம். கூலி வேணாம், புதுசா செஞ்சு தர்றேன்.”

பலகை பலகையாகத் தட்டினார்.

“கல்லு மாதிரில்ல இருக்கு? மரத்த விட்டுட்டு ஏட்ட மட்டும் தின்னிருக்கு. படிச்ச கரையான் போல!”

சாவியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காது மடல் சுட்டது. அவர் முதல் பலகையைப் பெயர்த்துவிட்டார்.

“பிரிக்காதீங்கண்ணே. நான்தான் எரிச்சேன்.”

எல்லாவற்றையும் சொன்னாள். தச்சர் பலகையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“எரிக்கறதுக்கு முன்னால உள்ள பாத்தியா?”

“இல்லண்ணே.”

“ஒரு பக்கங்கூடவா?”

“ஒரு பக்கங்கூட.”

பலகையைத் திரும்ப அடித்தார். நிதானமாக, ஆணி வளையாமல்.

“சாமிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

அவளே போனாள். சாமியார் சங்கடப்பட்டார். “விடுங்கம்மா. கரையான்னே எழுதிடறேன். இந்த வயசுல எதுக்கு ஊர் வாயில விழுறீங்க?”

தலையாட்டிவிடலாம் என்றுதான் ஒரு கணம் அவளுக்கு இருந்தது.

“அப்படி எழுதினா அந்த மனுஷன் செஞ்ச அலமாரிக்குக் கெட்ட பேரு சாமி. எம் பேருலயே எழுதுங்க.”

புத்தகம் வந்தது. முதல் பதிவேட்டைச் சாவியம்மா அறியாமல் எரித்துவிட்டார் என்று ஒரு வரி. ‘அறியாமல்’ சாமியார் தானாகச் சேர்த்தது. எரித்ததற்கு அது பொருந்தும். சொன்ன பொய்க்குப் பொருந்தாது. திருத்தச் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை.

ஞாயிறு பூசைக்கு முன் வாசலில் நின்று புத்தகம் கொடுப்பதும் அவள் வேலைதான். தச்சர் வாங்கினார். திறக்காமல் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனார். அடுத்து வந்தவருக்குக் கையை நீட்டினாள். யாரென்று நிமிர்ந்து பார்க்கவில்லை.