யோகட் கப் சோப்பு

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கத் தெரியாது. வாரம் முழுக்கத் தேயிலை ஃபெக்டரியில் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, லீவு நாளில் போனில் எதையாவது பார்த்துவிட்டு, அதைச் செய்தே தீருவேன் என்று எழுந்து நிற்பார். முதலில் காளான் வளர்த்தார். எதுவும் முளைக்கவில்லை. "வேணாங்க, விடுங்க" என்று அம்மா சொன்னதும் விட்டுவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தார். அதனால் அவர் பதுளைக்குப் போய்த் தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வாங்கிவந்து சோப்பு செய்யப் போவதாக அறிவித்தபோது, இதையும் அம்மா வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

காஸ்டிக் சோடா பட்டால் தோல் வெந்துபோகும். ஆகவே பூட்ஸ், கையுறை, முகத்தில் துணி எல்லாம் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கலக்கினார். வரிசையாக ஒட்டியிருக்கிற வீடுகளிலிருந்து லயமே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது.

"யாருக்கு மருந்தடிக்கப் போறீங்கண்ணே?" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

அப்பா கலக்குவதை நிறுத்தவில்லை. கூழ் கெட்டியானதும், நான் கழுவிவைத்திருந்த யோகட் கப்புகளில் ஊற்றினார். மறுநாள் கவிழ்த்தால் குட்டித் தொப்பிகளாக வந்து விழுந்தன. ஈரமில்லாத இடத்தில் ஒரு மாதம் காயவைக்க வேண்டும் என்றது வீடியோ.

எந்நேரமும் மழையும் பனிமூட்டமுமாக இருக்கிற எங்கள் மடுல்சீமையில் ஈரமில்லாத இடத்துக்கு எங்கே போவது? என் ஸ்கூல் உடுப்பே அடுப்புக்கு மேலே தொங்கித்தான் காயும். அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, சோப்புகளையும் அடுப்புக்கு மேலிருந்த பரணில் அடுக்கினார்.

மாதம் முடிந்தது. முதல் சோப்பு அம்மாவுக்கு. மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலிக்கு நானும் அம்மாவும் குளிக்கப் போனோம். அம்மா தேய்த்தார், நுரை பொங்கியது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு அத்தை மூக்கைச் சுழித்தார்.

"அண்ணி, இன்னைக்கு ஒங்க வீட்ல கருவாட்டுக் கொழம்பா?"

பரணில் சோப்புக்குப் பக்கத்திலேயே கருவாடும் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய்ப் பொருள் வாடையை இழுத்துக்கொள்ளும் என்று இப்போது உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்கிற நான் நீளமாக விளக்குவேன். அன்றைக்குப் பீலியில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஆமாடி, ஒனக்கும் ஒரு துண்டு தாரேன். சோத்துல பெசஞ்சு தின்னு" என்று சொல்லிவிட்டு, அம்மா நிதானமாகத் தேய்த்துக் குளித்து முடித்தார்.

வீட்டு வாசலில் அப்பா காத்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இருந்துச்சு?"

"அப்பா, அதுல கருவா..." என்று நான் தொடங்குவதற்குள் அம்மாவின் ஈரக்கை என் தோளைக் கிள்ளியது.

"நல்லா நொரை வருதுங்க. கடை சோப்பெல்லாம் கிட்ட நிக்காது."

அப்பா அன்றைக்கே அடுத்த தடவைக்கு எண்ணெய் அளக்க உட்கார்ந்துவிட்டார், விசிலடித்துக்கொண்டு.

இரண்டாம் தடவைச் சோப்பு பரணேறுவதற்கு முன்பே அம்மா கருவாட்டை இறக்கி, பிஸ்கட் டின்னில் போட்டு இறுக மூடினார். ஏன் என்று அப்பா கேட்டார்.

"எலித் தொல்லைங்க."

எங்கள் வீட்டில் எலியே கிடையாது என்று நான் விடாமல் வாதாடினேன். சாட்சிக்குப் பூனையையும் தூக்கிவந்து காட்டினேன். இவ்வளவு சரியாகப் பேசுகிற பிள்ளையை அம்மா ஏன் அப்படி முறைக்கிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.