ஸ்பீக்கரில் பேசிய மேனேஜர்

வண்டியின் மட்கார்டு மேல் செல்போனை வைத்து, மேனேஜர் ஸ்பீக்கரை அழுத்திய அந்த நிமிடம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொண்டைக்கடலைக் காடு. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ஆட்கள் நாங்கள், உடம்பெல்லாம் பாறைத்தூளோடு சுற்றி நின்றோம். குழிக்குள் மண் சரிந்து ஹேமர் சிக்கிக்கொண்டது. பாறையை உடைக்கும் அந்தக் கனத்த இரும்பு போனால் முதலாளிக்குப் பெரிய அடி. ஹேமர் போனால், துளை போடும் டிரில்லர் வேலையை விட்டு, வண்டியை விட்டு இறங்க வேண்டியதுதான். அது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். டிரில்லர் நான்.

வேடிக்கை என்னவென்றால், எப்படியும் போய்விடுவது என்றுதான் இருந்தேன். மழைக்காலத்தில் வண்டிகள் ஊர் திரும்பும்போது எங்கள் ஆட்கள் வண்டி மாறுவார்கள். நானும் வேறொரு வண்டிக்காரரிடம் பேசி வைத்திருந்தேன். பழைய வண்டியில் பட்ட பாட்டில், மேனேஜர் என்றாலே நமக்கொரு பேச்சு, முதலாளிக்கொரு பேச்சு என்று ஆகிவிட்டிருந்தது எனக்கு. இவரையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்திருந்தேன். அன்று காலையில்கூட, "மண்ணு லூசா இருக்குதுங்க. இன்னுங் கொஞ்சம் கேசிங் பைப் எறக்கிக்கலாங்க" என்றேன். மண் சரியாமல் காப்பது அந்தக் குழாய்தான். "போதும், ஓட்டு சாமி" என்றுவிட்டார்.

ஸ்பீக்கரில் முதலாளி கத்தினார். "எவன் டிரில்லரு? அவன ஊருக்கு ஏத்தியுடு!"

"அவன் கேசிங் எறக்கோணும்னு சொன்னானுங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன். அனுப்பறதுன்னா என்னைய அனுப்புங்க."

"அப்ப நீயே எறங்கு!"

"சரிங்க" என்றார். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் ஒரு மேனேஜர் தன் தப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குனிந்து போனுக்கு நேராகச் சொன்னேன், "அவரு எறங்குனா நானும் எறங்கறேனுங்க." பின்னாலிருந்து கம்ப்ரசர் ஆபரேட்டர், "நானுந்தானுங்க" என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலாளி, "பொழப்பப் பாருங்கடா" என்று வைத்துவிட்டார்.

இன்று நானே ஒரு வண்டிக்கு மேனேஜர். ஆட்களை வண்டி மாறாமல் எப்படி நிறுத்தி வைக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே.

அந்த வருஷம் மழைக்கு ஊர் திரும்பியதும், பேசி வைத்த வண்டிக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, நான் வரலீங்க."

"ஏனப்பா, சம்பளம் சேத்திக் குடுத்தாங்களா?"

"இல்லீங்க. எங்க மேனேஜரு இங்கதான இருக்காரு."