தவக்காலத்தில் மாட்டிய பிடில்

காஸ்பர் த்ரோஸ்ட் வார நாட்களில் காட்டுக் காவலர், சனிக்கிழமைகளில் பிடில்காரர். எது உண்மையான தொழில் என்று கேட்டால் அவர் மனைவி ரோசாலியா, "காட்டுல மரத்தை எண்ணும்போதும் தாளத்துலதான் எண்ணுவாரு" என்பாள். போலந்தின் கிழக்கு ஓரத்தில் அவர் வாசிக்காமல் ஒரு கல்யாணமும் ஒப்பேறியதில்லை. மணப்பெண்ணின் தலையிலிருந்து பூவளையத்தை எடுத்துவிட்டு மணமானவளின் குல்லாய் கட்டுகிற வேளையில் அவர் வில்லைப் போட்டால், கல்மனசுக்காரியும் அழுதுவிடுவாள். அழாத பெண்ணுக்கு வாழ்க்கை சரிப்படாது என்று அங்கே ஒரு நம்பிக்கை. அதனால் காஸ்பருக்கு எப்போதும் கிராக்கி.

ஆனால் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தவக்காலம் வந்துவிட்டால் மனிதர் வேறு ஆள். அது தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கடைசி ஆட்டம் முடிந்ததும் தந்திகளைத் தளர்த்தி, பிடிலைத் துணியில் சுற்றி, சுவர் ஆணியில் மாட்டிவிடுவார். பிறகு ஈஸ்டர் வரைக்கும் சீட்டிகூட அடிக்கமாட்டார். அந்தப் பக்கத்து வாத்தியக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். இவர் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

1940இல், சாம்பல் புதன் கழிந்த அதே வாரம், அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சோவியத் சிப்பாய்கள் வந்து கதவை இடித்தார்கள். காட்டுக் காவலர் குடும்பங்களை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றுகிறார்களாம். அரை மணி நேரத்தில் கிளம்ப வேண்டுமாம். ரோசாலியா மாவு, கோடரி, இறகு மெத்தை என்று கைக்கு வந்ததை மூட்டை கட்டினாள். கடைசியில் சுவரைக் காட்டினாள்.

"அதையும் எடுத்துக்கோங்க."

"தவக்காலத்துல பிடிலைத் தூக்கிட்டு அலையச் சொல்றியா? ஈஸ்டருக்குள்ள திரும்பிடப் போறோம். கிடக்கட்டும்."

காஸ்பருக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று இப்போது சொல்வது சுலபம். சரக்கு ரயிலில் ஆளை அடைத்து வெளியே தாழ்ப்பாள் போடுகிறவன் பண்டிகைக்கு வீட்டுக்கு அனுப்பமாட்டான் என்பது அதற்கு முன் யாருக்குத் தெரியும்?

ரயில் வாரக்கணக்கில் வடக்கே போயிற்று. இறக்கிவிட்ட இடத்தில் பனியும் மரங்களும் பலகைக் கொட்டகையும்தான் இருந்தன. ஆயுள் முழுக்க மரத்தைக் காவல் காத்தவர் கையில் ரம்பத்தைக் கொடுத்து, வெட்டு என்றார்கள். வெட்டினால்தான் ரொட்டி.

சின்னவன் ஸ்டாஷ் காய்ச்சலில் விழுந்தபோது ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு கழிந்திருந்தது. வீட்டில் அவனைத் தூங்கவைக்கக் காஸ்பர் வாசிக்கிற குட்டிப் போல்கா ஒன்று உண்டு. நல்ல துள்ளல் மெட்டு. இதைக் கேட்டு எந்தப் பிள்ளை தூங்கும் என்று ரோசாலியா கேலி செய்வாள். அவன் தூங்குவான்.

"அப்பா, என் பாட்டு."

"பிடில் இல்லையேடா தங்கம்."

"வாயால பாடுங்க."

"தவக்காலம்டா. அது ஆட்டப் பாட்டு. ஈஸ்டர் அன்னைக்குப் பாடுறேன், சரியா?"

சரி என்றான். மறுநாள் காஸ்பர் மரம் வெட்டிவிட்டுத் திரும்பியபோது அவன் போய்விட்டிருந்தான்.

அந்த ஈஸ்டருக்கு அவர் பாடவில்லை. அதற்குப் பிறகு வந்த எந்த ஈஸ்டருக்கும் பாடவில்லை. வடக்கிலிருந்து கஜகஸ்தானுக்கு, போர் முடிந்தபின் அங்கிருந்து போலந்துக்கு என்று குடும்பம் அலைந்தது. எல்லைக் கோடு நகர்ந்ததில் பழைய கிராமம் சோவியத் பக்கம் போய்விட்டிருந்தது. மேற்கே, ஜெர்மானியர்கள் விட்டுப்போன ஒரு வீட்டைக் காட்டி, இனி இதுதான் உங்கள் ஊர் என்றார்கள். முன்பு அவரோடு மேளம் அடித்த இக்னாசியும் அதே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். யார் கெஞ்சியும் காஸ்பர் வில்லைத் தொடவில்லை. சாகப்போகிற பிள்ளைக்கு ஒரு பாட்டை மறுத்தவனுக்கு ஊரார் கல்யாணத்தில் என்ன வேலை என்று நினைத்தார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்டாஷுக்கு மூத்தவளான மகள் லூட்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை. அந்த வாரம் இக்னாசி எங்கோ சந்தையில் ஒரு பிடிலைப் பிடித்துக்கொண்டு வந்து சமையலறை மேசைமேல் வைத்தார்.

"உன் பழசு இல்ல. ஆனா நாலு தந்தி இருக்கு. பொண்ணுக்குக் குல்லாய் கட்டுறப்ப நீதான் வாசிக்கணும்."

"வேற ஆளைப் பாரு."

"வேற ஆள்னா அந்த அக்கார்டியன்காரன்தான். அவன் வாசிச்சா பொண்ணு அழாது, மாடுதான் அழும்."

காஸ்பர் சிரிக்கவில்லை. "எனக்கு இன்னும் தவக்காலம் முடியல, இக்னாசி."

இக்னாசி தொப்பியை மாட்டிக்கொண்டு முணுமுணுத்தபடியே போனார். கேக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த லூட்கா, கையைக்கூடத் துடைக்காமல் அப்பாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே?"

"கல்யாணப் பொண்ணை யாரு அடிப்பா?"

"ஸ்டாஷ் போன அன்னைக்கு, நீங்க காட்டுக்குப் போனப்புறம் மறுபடியும் பாட்டு கேட்டான். அம்மா தண்ணி எடுக்கப் போயிருந்தாங்க. நான் பாடிட்டேன்."

காஸ்பர் பிடிலை மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"போர்வைக்குள்ள, மெதுவாத்தான் பாடினேன். சிரிச்சான்ப்பா. அப்படியே தூங்கினான், எந்திரிக்கவே இல்ல." அவள் மேசைமேல் சிந்திய மாவை விரலால் ஒதுக்கினாள். "தவக்காலத்துல நான் பாடினதாலதான் போயிட்டான்னு நினைச்சேன். அதான் யார்கிட்டயும் சொல்லல."

காஸ்பருக்கு முதலில் வந்தது கோபம், தன் மேலேயே. தான் பிடித்த பிடிவாதத்தை ஒரு சிறுமி இத்தனை வருஷம் பாவமென்று சுமந்திருக்கிறாள். மற்றது மெல்லத்தான் உறைத்தது. பையன் கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான். சிரித்திருக்கிறான். அவர் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மகள் முன்னால் வெட்கமில்லாமல் அழுதார்.

"உன்னால இல்லம்மா. நீ பாடினது நல்லது" என்றார், பேச முடிந்தபோது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ரெண்டாவது அடியை ஒழுங்கா பாடினியா?"

"அது எனக்கு என்னைக்கு வந்துச்சு? முதல் அடியையே திருப்பிப் பாடினேன்."

"எங்க, பாடு."

மாவுக் கையோடு உட்கார்ந்து அவள் பாடினாள்.

சனிக்கிழமை, பூவளையம் எடுக்கிற நேரம். பெண்கள் எல்லாரும் கண்ணைத் துடைக்கத் தயாராக நின்றார்கள். காஸ்பர் எழுந்து தந்திகளை முறுக்கினார். குல்லாய்ப் பாட்டுக்கு முன்னால் ஒரு குட்டிப் போல்காவை வாசித்தார். ரோசாலியா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். லூட்கா அழுதுகொண்டே சிரித்தாள். மேளத்தோடு பின்தொடர்ந்த இக்னாசிதான் நடுவில் தடுமாறினார். இரண்டாவது அடி வரவேண்டிய இடத்தில் முதல் அடியே திரும்ப வந்தது.

"கை விட்டுப்போச்சுடா உனக்கு. பாதியை மறந்துட்டே" என்று காதருகே குனிந்து சொன்னார்.

"மறக்கல" என்றார் காஸ்பர், வில்லை நிறுத்தாமல். "அந்தப் பாட்டு இப்ப இப்படித்தான்."