கடைசி ரேங்க் வாங்கிய வீடு

“இன்னாம்மா, என் வூட்டை ஃபெயில் ஆக்கினது நீதானா?” வேலூர் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை காலை நான் எடுத்த தொலைபேசியில் வந்த முதல் பேச்சு இதுதான். பேசியவர் ஏலகிரி மலையில் விடுமுறைக்கு வருபவர்களுக்கு வீடு வாடகைக்கு விடும் பெரியவர். அத்தகைய வீடுகளை முன்பதிவு செய்துகொடுக்கும் இணையதளம் எங்களுடையது. பிடித்த வீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியை நானும் எங்கள் டீம் லீடர் அக்காவும் அப்போதுதான் செய்து முடித்திருந்தோம். ரேங்க் கார்டு பார்த்தே வளர்ந்த புத்தி வேறெப்படி வேலை செய்யும்? சமையலறைக்கு மார்க், குளியலறைக்கு மார்க் என்று போட்டுக் கூட்டி, வீடுகளுக்கு ரேங்கும் கொடுத்துவிட்டோம். பெரியவர் வீட்டில் நீச்சல் குளம் இல்லை. அதனால் கடைசி ரேங்க்.

மதியத்துக்குள் மலையில் பாதிப் பேர் தங்கள் வீட்டைத் தளத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். முதலாளி எங்களைக் கூப்பிட்டார். “ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரங்க எல்லாரும் மலையில கூடுறாங்க. அவங்க ஒத்துக்கலைன்னா கடையை மூட வேண்டியதுதான்” என்றார். எனக்கென்ன, தனி ஆள், சென்னைக்குப் போய்விடுவேன். அக்கா அப்படிப் போக முடியாது. ஆம்பூர்க்காரர். அதிகாலை ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போய், பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பி, அப்படியே பல வருடம் ஓட்டியவர். வேலூரில் வேலை கிடைத்தபோது மறுபிறவி எடுத்த மாதிரி இருந்தது என்பார். “மறுபடி அந்த ரயில்ல ஏற என்னால முடியாதுடி” என்று முதலில் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, தம்பி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கணும், வா” என்றார். தலைக்கு மேல் வெள்ளம் போகிறது, இவருக்குப் புடவையா என்று எனக்குக் கோபமான கோபம்.

கடைக்காரர் விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அக்கா அரக்கு நிறப் புடவை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதனோடு மட்டும் பார்த்தார். “அதுல பார்டர் பெருசு, ஆனா இதுல கனம் கம்மி.” மடியில் இருப்பதை ஜெயித்த புடவை மடிக்கு வரும், தோற்றது குவியலுக்குப் போகும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களும் அப்படியேதான் பார்த்தார்கள். ஒருவரும் மார்க் போடவில்லை. இரண்டிலும் ஒன்றாக இருப்பதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, வித்தியாசம் மட்டும்தான் பேச்சு. நான் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். “அக்கா, வீட்டையும் இப்படி மடியில வெச்சுக்க விடலாம்!” அக்கா மடியிலிருந்ததை அப்படியே நீட்டி, “அண்ணே, இதுக்கே பில் போடுங்க, சீக்கிரம்!” என்றார்.

மார்க்கையும் ரேங்க்கையும் தூக்கி எறிந்தோம். இப்போது பிடித்த ஒரு வீடு திரையின் ஓரத்தில் தங்கும். அடுத்த வீட்டைத் திறந்தால் இரண்டுக்கும் வேறுபடுவது மட்டும் தெரியும், பொதுவானதெல்லாம் மறைந்துவிடும். இந்தப் பக்கத்துக் குடும்பத்தார் எதைக் கேட்பார்களோ அதையெல்லாம் அக்கா சேர்த்தார். வேன் வாசல் வரை வருமா, வெளியே அடுப்பு மூட்டிப் பிரியாணி அண்டா ஏற்றலாமா, முட்டிவலிக்காரர்களுக்குக் கீழேயே படுக்கை உண்டா. முறைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர்களையே தொலைபேசியில் பிடித்து, கெஞ்சிக் கொஞ்சிக் கேட்டு வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா முதலில் நீச்சல் குளம் வைத்த பெரிய வீட்டைத் திரையோரத்தில், அதாவது மடியில், வைத்தார். அடுத்து, வேண்டுமென்றே, பெரியவர் வீட்டைத் திறந்தார். கடைசி ரேங்க் வாங்கிய அதே வீடு. அங்கே நீச்சல் குளம். இங்கே வாசல் வரை வேன், பலாமரத்தடியில் அண்டா அடுப்பு, கீழ்த்தளத்தில் படுக்கையறை. நீச்சல் குளத்துக்காரரே சிரித்துவிட்டார். “எங்க மாமியார் வூட்டாளுங்க மொத்தமா வந்தா நானே அங்கதான் அனுப்புவேன்.” பெரியவர் எழுந்து கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “நல்லா பாத்துக்குங்க, அது என் வூடு!” கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஒருவர்கூடத் தன் வீட்டைத் தளத்திலிருந்து எடுக்கவில்லை.

மலையிறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “ஜெயிச்சுட்டோம்டீ!” என்று கத்தினார். எதிரே பைக்கில் வந்தவர்கள் என்ன ஏதென்று தெரியாமலே கையாட்டிவிட்டுப் போனார்கள்.

இப்போது ஊட்டி, கொடைக்கானல் வீடுகளும் எங்கள் தளத்தில் வந்துவிட்டன. நேற்று ஒரு புது வாடிக்கையாளர், ஊட்டியில் பல வீடுகள் வைத்திருக்கும் பெரிய ஆள், மாலையில் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். முதலாளி உட்பட எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “மிச்சத்தை நாளைக்குப் பேசலாம் சார். பசங்களோட உக்காந்து சாப்பிடணும்” என்று சொல்லிவிட்டு, ஆம்பூர் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.