சித்தியின் காலிக் குழாய்

என் சித்திக்கு மண் என்றால் உயிர். மற்றவர்கள் நகைக்கடையில் நிற்கிற முகத்தோடு அவர் சலித்த மண்ணின் முன்னால் நிற்பார். அகழாய்வில் தோண்டிய மண்ணும் பானை ஓடுகளும் பைபையாக அவருடைய ஆய்வகத்துக்கு வரும். எந்த இடத்து மண்ணில் பாஸ்பேட் கூடுதலோ, அங்கே ஆளோ மாடோ வெகுகாலம் இருந்திருக்க வேண்டும் என்பார். ஓட்டைப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, அதற்குள் இறங்கியிருக்கும் பழைய கொழுப்பைக் கருவியில் கண்டுபிடிப்பதும் அவர்தான்.

இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. கண்டுபிடித்ததைக் கட்டுரையாக எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். எந்தக் கட்டுரையிலும் சித்தியின் பெயர் வந்ததில்லை. இதைப் பற்றி அவருடைய அக்காவான என் அம்மாதான் ஊரெல்லாம் புலம்புவார். சித்தி வாயைத் திறந்ததில்லை. அதற்காக ஆசை இல்லை என்று அர்த்தமில்லை.

போன வருடம் அந்த ஆசை பலிக்கிற மாதிரி இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் கொழுப்பு அமிலங்கள் எக்கச்சக்கமாக வந்தன. அகழாய்வுத் தலைவர் துள்ளிக் குதிக்காத குறைதான்.

"இதுல கறி சமைச்சிருக்காங்கம்மா. இந்தத் தடவ கட்டுரையில உங்க பேரும் வருது" என்றார்.

அன்று சாயங்காலமே சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டார் சித்தி.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு முறையும் ஓடே போடாமல் ஒரு காலிக் குழாயில் அதே கரைப்பானை ஊற்றி, அதையும் சோதிப்பார். அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால், அது ஓட்டில் இருந்ததல்ல, ஆய்வகத்தில் சேர்ந்த அழுக்கு என்று அர்த்தம். "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குக்கா இவ்வளவு பாடு" என்று கூட வேலை செய்கிற பெண் கேலி செய்வாள். அந்த முறை நடுவில் கருவி பழுதாகி, காலிக் குழாயின் முடிவு மட்டும் இரண்டு நாள் கழித்து வந்தது.

பானையில் வந்த அதே அமிலங்கள், அதே அளவில் வந்திருந்தன.

சித்தி தன் கையை முகர்ந்து பார்த்தார். கை வெடிக்கிறதென்று மகள் வாங்கித் தந்த கிரீமை அந்த வாரம்தான் தடவ ஆரம்பித்திருந்தார். கிரீம் கையால் கையுறையை இழுத்து மாட்டினால் கையுறைக்கு வெளியிலும் கிரீம்தானே? இத்தனை வருட அனுபவசாலி செய்கிற காரியமா இது? எனக்கே கோபம் வந்தது.

நேராக மாடியிலிருந்த தலைவரிடம் போய்ச் சொன்னார்.

"நாளைக்குக் கட்டுரைய அனுப்பறோம். காலிக் குழாய யாரும்மா பாக்கப்போறாங்க?"

"நான் பாத்துட்டேனே சார்."

"அந்தப் பானைப் பகுதிய எடுத்தா உங்க பேரும் போயிடும். யோசிச்சுக்கங்க."

"யோசிச்சுட்டுத்தான் சார் மாடி ஏறினேன்."

கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, மிச்சமிருந்த ஓட்டுத் துண்டை மறுபடி சோதித்தார். ஒன்றுமே இல்லை. தண்ணீர் வைத்த பானையாக இருக்கலாம். கட்டுரை அந்தப் பகுதி இல்லாமல் வெளிவந்தது. சித்தியின் பெயரும் இல்லை.

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று அம்மா கொதித்தார்.

"வருத்தமாத்தான் இருக்கு. ரெண்டு நாளா சாப்பாடு எறங்கலக்கா" என்றார் சித்தி.

ஆய்வகக் கோப்பில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருக்கிறது. "பானையில் கொழுப்பு இல்லை. முதல் சோதனையில் வந்தது என் கைக் கிரீம்." கீழே சித்தியின் முழுப் பெயர். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பெயரோடு பதிவான முடிவு அது ஒன்றுதான்.