அக்கா வீட்டு அஞ்சு டன்

ஏசி மெக்கானிக்குகளுக்குள் அவருக்கு 'அரை டன்' என்று பெயர். புதிதாகக் கேட்கிறவர்கள் உடம்பை வைத்துக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆள் என்னவோ பலமாகக் காற்றடித்தால் பிடித்து வைக்க வேண்டிய உடம்புதான். பெயர் வந்தது வேறு வழியில். யார் வீட்டுக்குப் போனாலும், அவர்கள் எந்த அளவு மிஷின் கேட்டாலும், சுவரையும் ஜன்னலையும் அளந்து பார்த்துவிட்டு, "அரை டன் குறைச்சுக்கலாங்க" என்பார். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். பெரிது வேண்டும் என்கிறவரிடம் சின்னது போதும் என்று சொல்லும் வியாபாரியை யார்தான் நம்புவார்கள்? ஏதோ உள்குத்து இருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. கடலுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிற வீடுகள் அவை. அங்கே வெயிலைவிடக் காற்றிலுள்ள ஈரம்தான் ஆளைப் படுத்தி எடுக்கும். துவைத்துப் போட்ட துணி மறுநாளும் கொடியை விட்டு இறங்க மனசில்லாமல் தொங்கும். அறையைக் குளிரவைப்பது எந்த மிஷினுக்கும் பெரிய காரியமில்லை, ஈரத்தை இழுத்து வெளியே தள்ளுவதுதான் வேலை. அதற்கு மிஷின் நிதானமாக, நீண்ட நேரம் ஓட வேண்டும். அளவுக்கு மீறிப் பெரிதாக மாட்டினால், ஐந்தே நிமிடத்தில் அறையைச் சில்லிட வைத்துவிட்டு நின்றுவிடும், ரெண்டு வாய் அள்ளிப் போட்டுவிட்டு அவசரமாகக் கை கழுவுகிற விருந்தாளி மாதிரி. ஈரம் இருந்த இடத்திலேயே இருக்கும். குளிரில் நடுங்கிக்கொண்டே பிசுபிசுப்பில் புரள வேண்டியதுதான்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் முதலில் சொல்லியிருக்க வேண்டிய வீட்டில் வாயைத் திறக்கவில்லை. அது அவருடைய அக்கா வீடு.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அக்காவும் மாமாவும் அந்த வீட்டைக் கட்டிக் குடி வந்தபோது, அவர் சொந்தமாக வேலை எடுக்க ஆரம்பித்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் உருப்பட மாட்டார் என்று எல்லோரும் கைகழுவியபோது, "அவன் கைவேலைக்காரன், விடுங்க" என்று குறுக்கே நின்றவள் அக்கா. அந்த அக்காவின் வீட்டுக்குத் தன் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தார். இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டுக்கு மூணு டன் தாராளம். அவர் மாட்டியது அஞ்சு டன். கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே காற்று போகிற தகரக் குழாயான டக்ட்டை ஓட்டி, ஒவ்வோர் அறையிலும் குளிர்காற்று இறங்க வழி வைத்தார். எல்லாம் அவருடைய அன்பளிப்பு. ஆசைக்கு எங்கே டன் கணக்குத் தெரியும்?

அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூடத்தில் நிற்க வைத்து, "எப்படிச் சில்லுன்னு இருக்கு பாத்தீங்களா? எந்தம்பி போட்டது" என்பாள். அவள் வாய்தான் அவருக்கு விளம்பரப் பலகை. அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் அவருக்கு வேலை வந்ததெல்லாம் அப்படித்தான்.

வீடு மட்டும் நாளாக நாளாகப் புழுங்கியது. படுக்கை விரிப்பு எப்போதும் நமத்திருக்கும். அலமாரிக் கதவு உப்பிப்போய் முழங்காலால் முட்டினால்தான் மூடும். மாமா ஒரு பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய புத்தகங்களில் பச்சைப் பூஞ்சை படர, ஞாயிற்றுக்கிழமைதோறும் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். பிறகு அவருக்கு இருமல் வந்தது. இருமல் மூச்சிரைப்பாக வளர்ந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கூடத்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டார். "கடல் காத்து இவருக்கு ஒத்துக்கலை" என்று அக்கா கடலின் தலையில் பழியைப் போட்டாள். பாவம் அந்தக் கடல், அது என்ன செய்யும்?

அரை டன்னுக்கு உண்மை தெரிந்து ஏழு வருஷம் ஆகிறது. ஒரு தையற்கடையில் பெரிய மிஷின் பழுதாகிப் போக, சமாளிப்புக்கு ஒரு சின்ன மிஷினை மாட்டிவிட்டு வந்தார். ஒரு வாரம் கழித்துத் தையற்காரி கூப்பிட்டு, "இதையே விட்டுடுங்க, துணியெல்லாம் மொறுமொறுன்னு இருக்கு" என்றாள். அன்றைக்குக் கடை வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்போதே அக்கா வீடு கண்முன் வந்து நின்றது. அடுத்த வேலையிலிருந்து ஊர் முழுக்க அரை டன் குறைக்கத் தொடங்கியவர், அக்கா வீட்டுக்கு மட்டும் மாதம் ஒரு தடவை போய், ஃபில்டரைக் கழுவி மாட்டி, டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் போவார். அக்கா பக்கத்து வீட்டுக்காரியிடம் தம்பி புராணம் பாடிக்கொண்டிருப்பாள். சொல்ல வந்ததை மென்று முழுங்கிவிட்டுத் திரும்புவார். கோழை என்றால் கோழைதான், அதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை.

கடைசியில் மிஷினே மண்டையைப் போட்டது.

"டேய், மூச்சு பேச்சு இல்லைடா. வந்து பாரு. போடறதுன்னா அதே மாதிரி அஞ்சு டன்னே போடு, குறைச்சுக் கிறைச்சுப் போட்டுடாதே" என்றாள் அக்கா போனில்.

டக்ட் வேலைக்குக் கூட்டாளியை அழைத்துக்கொண்டு போனார். அவருக்குத் 'தகரம்' என்று பெயர். தகரத்தை வெட்டி மடக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, குரலும் தகரம்தான். மாடியில் வெளி யூனிட்டை உப்புக்காற்று அரித்திருந்தது, விரலால் தொட்டதும் தகடு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கீழே வந்து உள்கூரைப் பலகையைக் கழற்றி, தகரம் டக்ட்டின் ஒரு துண்டை இறக்கித் தரையில் வைத்தார். உள்ளே ஒட்டியிருந்த பஞ்சு உறை ஊறிப்போய்க் கன்னங்கரேல் என்றிருந்தது. அதன் வழியாகத்தான் பதினாலு வருஷமாக அந்த வீட்டுக்குக் காற்று வந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணே, காளான் பண்ணையா வச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, அரை டன்னின் முகத்தைப் பார்த்ததும் தகரம் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் அது பக்கத்து அறை வரைக்கும் கேட்கும். "விடுங்க. எல்லாம் உப்புக்காத்துன்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கா மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். டக்ட்டைப் பார்த்து மூக்கைப் பொத்தினாள்.

"இதையும் மாத்தணுமா?"

"முழுசா மாத்தணுங்கா. புது டக்ட், கொஞ்சம் சின்னதா. மிஷின் மூணு டன் போதும்."

"மூணா? என்னடா, அஞ்சு இருந்த இடத்துல மூணா?"

அதற்கு அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு பொய்யைத் தயார் பண்ணி வைத்திருந்தார். "இப்போ வர்ற மிஷின் எல்லாம் பவர் ஜாஸ்திக்கா. இப்போ மூணுன்னா பழைய அஞ்சுக்குச் சமம்" என்றார். நாக்கு கொஞ்சமும் குழறவில்லை.

"அப்படியா? நீ சொன்னா சரிதான்" என்றாள் அக்கா, ஒரு நொடி கூட யோசிக்காமல். மாமா பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? வேற ஆளா இருந்தா பெருசா ஒண்ணை நம்ம தலையில கட்டிட்டுப் போயிருப்பான். எந்தம்பியைப் பாருங்க."

சந்தேகப்பட்டிருந்தால் சமாளித்திருப்பார். சண்டை போட்டிருந்தாலும் சமாளித்திருப்பார். அவள் நம்பியதைத்தான் தாங்க முடியவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"இல்லக்கா."

"என்னடா இல்ல?"

"நான் இப்போ சொன்னது பொய். மூணு டன்னுன்னா அன்னைக்கும் மூணுதான், இன்னைக்கும் மூணுதான். அன்னைக்கே இந்த வீட்டுக்கு மூணுதான் போட்டிருக்கணும். ஆசையில பெருசா போட்டுட்டேன். பெருசா இருந்தா ஈரத்தை இழுக்காது. இந்தக் கருப்பு, அந்தக் கதவு, மாமாவோட புத்தகம், எல்லாத்துக்கும் அதுதான்கா காரணம். மாமா மூச்சுக்கும் அதுவா இருக்கலாம்."

மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தகரம் மெதுவாக மாடிக்கு நழுவினார்.

"சரி, தெரியாமப் பண்ணின" என்றாள் அக்கா. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "எப்போ தெரியும் உனக்கு?"

"ஏழு வருஷமா."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குரல் இறங்கித்தான் வந்தது.

"ஏழு வருஷமா மாசாமாசம் வந்திருக்க. என் கையால டீ வாங்கிக் குடிச்சிருக்க. அவர் இருமறதைக் கேட்டுட்டே குடிச்சிருக்க."

உள்ளே போன அக்கா அன்றைக்கு வெளியே வரவில்லை.

வேலை நாலு நாள் நடந்தது. பழைய டக்ட்டைத் துண்டு துண்டாக இறக்கி, ஜன்னல் வழியாகவே வெளியே கொடுத்தார்கள். தகரம் மொட்டைமாடியில் விரிப்புப் போட்டு உட்கார்ந்து புதிய தகடுகளை வெட்டி மடக்க, அரை டன் அவற்றைக் கூரை இடுக்கில் குனிந்தபடி கோத்தார். முன்பெல்லாம் டேப் ஒட்டிவிட்டுப் போகிற இணைப்புகளில் இந்தத் தடவை பசையைக் கையாலேயே பூசி, காய்ந்தபின் இன்னொரு பூச்சும் பூசினார். பஞ்சு உறையை உள்ளே ஒட்டாமல் வெளியே சுற்றினார். தண்ணீர் வடிகிற குழாய்க்குச் சரிவு சரியாக இருக்கிறதா என்று ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்தார். டீ வேளை தவறாமல் வந்தது. கொண்டு வந்தவர் மாமா.

"பேசிடுவா. கொஞ்சம் விடு" என்றார் மாமா, இரண்டாம் நாள்.

"நீங்க திட்டலையே மாமா."

"என் மூச்சுக்கு நூறு காரணம் இருக்கும்பா. நானும் அந்தக் காலத்துல சிகரெட்டை ஊதித் தள்ளினவன்தானே. ஆனா, சொல்லியிருக்கலாம் நீ. சொல்லியிருந்தா என் நாவல்களாவது தப்பிச்சிருக்கும்." சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. திட்டியிருந்தால்கூட அரை டன்னுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஐந்தாம் நாள் காலையில் மிஷினை ஓட விட்டார்கள். ஈரம் காட்டும் சின்ன மீட்டரைக் கூடத்து மேஜையில் வைத்தார். எழுபத்தொன்பது சதவீதம் காட்டியது. அரை மணி நேரம் கழித்து எழுபத்திரண்டு. மிஷின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா வாசற்படியில் வந்து நின்று, தம்பியை விட்டுவிட்டுத் தகரத்திடம் கேட்டாள். "என்ன, நிக்கவே மாட்டேங்குது?"

"நிக்கக் கூடாதும்மா, ஓடணும். ஓடினாத்தான் தண்ணி இறங்கும். வந்து பாருங்க" என்று அவளை வெளியே கூட்டிப்போய்க் குழாயைக் காட்டினார் தகரம். அதன் கீழே வைத்திருந்த வாளியில் கால்வாசிக்குத் தண்ணீர் நின்றது. அக்கா குனிந்து பார்த்தாள், கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவும் நம் வீட்டுக்குள்ளேயா இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மத்தியானம் மீட்டர் ஐம்பத்தைந்துக்கு வந்தது. அரை டன் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, அக்கா முகம் கொடுக்காததால் அவளிடம் சொல்லிக்கொள்ளாமலேயே கிளம்பினார்.

பத்து நாள் அக்காவிடமிருந்து போன் இல்லை. அவராகவும் பண்ணவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். எந்த வீட்டிலாவது யாராவது இருமினால் கை அப்படியே நின்றுவிடும். பதினோராம் நாள் காலை மாமாதான் பேசினார். "மூணு நாளா கட்டில்ல படுத்துத் தூங்கறேன்பா. முழுசாச் சரியாயிடுச்சுன்னு சொல்லமாட்டேன். ஆனா படுக்க முடியுது. உங்க அக்கா உன்னை உடனே வரச் சொன்னா."

போனார். கூடம் சில்லென்று இல்லை, இதமாக இருந்தது. அக்கா மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினாள். அதில் அவளுடைய குண்டு குண்டான எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது: பச்சை கேட் வீடு. நர்ஸ் வீடு. இரட்டைப் பிள்ளைகள் வீடு. மாடியில் மீன்தொட்டி வைத்திருப்பவர். இப்படி ஒன்பது.

"இவங்க வீட்டுல எல்லாம் நீ பெருசாத்தானே போட்ட?"

"ஆமாக்கா. அப்போ எனக்குத் தெரியாது."

"இப்போ தெரியுமே. சொன்னியா?"

"இல்லக்கா."

"நர்ஸோட மாமியாரும் இருமிக்கிட்டேதான் இருக்காங்க" என்றாள் அக்கா.

"நாளையிலேருந்து ஒவ்வொரு வீடா போய்ச் சொல்லிடறேன்கா. நானே போய் மன்னிப்புக் கேக்கறேன். மாத்திக் குடுக்கறதுக்கும் ஏதாவது வழி பண்றேன்."

"நாளைக்கு என்ன நாளைக்கு? எழுந்திரு."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீ எதுக்குக்கா இந்த வெயில்ல?" என்று பின்னாலேயே ஓடினார். அவள் முன்னால் நடந்தாள். நர்ஸ் வீட்டு வாசலுக்குப் போவதற்குள், என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார். நான் ஒரு தப்பு பண்ணிட்டேங்க. நான்தான் பெருசா போட்டது. எனக்குத்தான் தெரியாமப் போச்சு.

அக்கா அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளே இருமல் கேட்டது. நர்ஸ் கதவைத் திறந்ததும், அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினாள்.

"உங்க வீட்டு ஏசி விஷயத்துல நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம்மா. உள்ளே வந்து சொல்லலாமா?"